மூக்கு முன்னாடி

என்னங்க,

கடிதம் என்றால் மேலே பேர் எழுத வேண்டுமாம். உங்கள் பேரை என்றைக்கு வாயால் சொன்னேன், இன்றைக்குக் கையால் எழுத? என்னங்க என்றால் திரும்பிப் பார்ப்பீர்களே, அது போதும்.

கள்ளக்குறிச்சியில் ஒண்டிக் குடித்தனத்தில் இருக்கிறேன். ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்க இன்னும் கைவரவில்லை. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

ஒரு சேதி. எங்கள் சனம் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டுக் கேட்ட இட ஒதுக்கீடு வந்துவிட்டது, ரேடியோவில் சொன்னார்கள். தம்பி ஏழுமலை ரிஷிவந்தியத்திலிருந்து லட்டு வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு, வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தான்.

"மாமா எம்மேல பிஸ்டல நீட்டினாரு. அது இருமக்கூட இல்ல. மேகசின் பூட்டத் தெரியாத சப்-இன்ஸ்பெக்டரு வந்ததால நான் உசுரோட கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

உங்களுக்கா பூட்டத் தெரியாது? கல்யாணமான புதிதில் "மேகசின் தொடைக்கணும்" என்றீர்கள். நான் வாரப் பத்திரிகைகளை எல்லாம் தூசி தட்டி அடுக்கி வைத்தேன். புரையேறும் வரைக்கும் சிரித்தீர்களே.

அப்புறம் எனக்கே பழகிவிட்டது. பேப்பரை விரித்து, தோட்டாக்களைத் தள்ளி வைப்பீர்கள். ஸ்பிரிங் பாய்ந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அடித்தகட்டை நகர்த்துவீர்கள். எண்ணெயைத் துணியில் தொட்டுத்தான் துடைப்பீர்கள், உள்ளே ஊறினால் மண் ஒட்டும் என்பீர்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங்கின் தூக்கலான முனையை, நாம் மூக்கு என்போமே, அதைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க?" என்று குரல் கொடுப்பீர்கள். "மூக்கு முன்னாடி" என்று நான் அடுப்படியிலிருந்து சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் நமக்கென்று இருந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

எலவனாசூர்கோட்டை மறியல் பந்தோபஸ்துக்குப் புறப்பட்ட காலையில் நீங்கள் கேட்கவில்லை. காபியோடு வந்தவள் பார்த்துவிட்டேன்.

"இன்னாங்க, மூக்கு பின்னாடி கீது."

"இருக்கட்டும்."

"அப்ப குண்டு மேல ஏறாதே, வெடிக்காதே."

"சுடக்கூடாதுன்னுதான். மேல ஒரு கல்லு பட்டா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது, உனக்கே தெரியும். எதுர்ல உன் தம்பி நிப்பான். அவன் இல்லன்னா வேற ஒருத்தியோட தம்பி நிப்பான்."

தகட்டைத் தள்ளிப் பூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். காபி ஆறிப்போனது. வெறுங்கையோடு அந்தக் கூட்டத்துக்குள் உங்களை அனுப்பிவிட்டேனே என்று பொழுது சாயும் வரை வாசலிலேயே கிடந்தேன்.

நெற்றியில் கட்டோடு வந்தீர்கள். கட்டிலில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "கல்லு பட்டுச்சு. இழுத்து, நீட்டி, அமுக்கிட்டேன் பூங்காவனம். எதுர்ல ஏழுமல."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லாத. பூட்டத் தெரியாதவன்னே இருக்கட்டும். அவன் சிரிச்சிக்கினு இருக்கட்டும்" என்றீர்கள்.

விசாரணையில் ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டியது கவனக்குறைவு என்றார்கள், ஆமாம் என்று தலையாட்டினீர்கள். வெள்ளிமலைக்குத் தூக்கியடித்தார்கள். நாம் மலையேறும் முன்னே பேர் ஏறிவிட்டது. ஸ்பிரிங் ஐயா. முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்வது உங்கள் காதில் விழும், திரும்ப மாட்டீர்கள். அங்கேயே காய்ச்சல் வந்து போயும் சேர்ந்தீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மலைக்குப் போன பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டு "இது எங்க?" என்று கேட்கவே இல்லை? முதுகைக் காட்டி உட்கார்ந்து துடைத்து, நீங்களாகவே பூட்டி வைத்துவிடுவீர்கள். நான் அடுப்படியில் பதிலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்மேல் கோபமா, உங்கள்மேலேயா?

வருகிற வாரம் உங்கள் தெவசம். ஏழுமலைதான் படைக்கப் போகிறான். இலை போட்டதும் அந்தக் கதையை ஆரம்பிப்பான், சொந்தக்காரர்கள் சிரிக்கக் காத்திருப்பார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சை மீறப் போகிறேன். ஸ்பிரிங்கைத் திருப்பி வைத்ததையும் சொல்வேன், விசையை அமுக்கியதையும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது நீங்கள் இல்லை. அவன் அழட்டும், இலையை விட்டு எழுந்து போகட்டும். உங்களைத் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகவே இருப்பது என்னால் முடியவில்லைங்க. இன்னொருத்தருக்கும் தெரியட்டும்.

அவனிடம் சொல்லிவிட்டு வந்து உங்களிடமும் சொல்கிறேன். இது சத்தியம்.

உங்கள் வூட்டுக்காரி,
ஏழுமலையின் அக்கா,
பூங்காவனம்