அப்பா அன்று உட்காராததன் காரணம்

அனுப்புநர்:
ஒலிவேரா பாவ்கோவிச்,
வேதியியலாளர், நகரக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடம்,
(வீடு: 17, லிபா தெரு),
கோர்னி லூக்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
முதியோர் வீட்டுப் பராமரிப்பு அலுவலகம்,
கோர்னி லூக் நகராட்சி.

பொருள்: என் தந்தை திரு. ஷிவோராத் பாவ்கோவிச் (வயது 84) – சிறுநீர் அடக்க இயலாமை – காலை நேர உதவியாளரை நிறுத்தும் ஆணையை மறுபரிசீலிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வுக் குழு 31.10.2024 அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அளித்த அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை நலமாக இருக்கிறார் என்று தங்கள் அலுவலகம் எழுத்து மூலம் தெரிவித்துள்ளது. இந்த நற்செய்திக்கு முதலில் என் நன்றி. அது உண்மையல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இம்மனு.

1. அப்பா நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்ததிலிருந்து சிறுநீர் வருவது அவருக்குத் தெரிவதில்லை. சில நாட்களில் மலமும் அப்படியே. யாராவது தாங்கிப் பிடித்தால் கழிப்பறை வரை நடப்பார். தாங்க ஆளில்லாவிட்டால் படுக்கையிலேயே இருப்பார். நான் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஊர் குடிக்கும் தண்ணீரின் முதல் மாதிரியை எடுப்பது என் பொறுப்பு. நான் போனபின் தங்கள் அலுவலகம் அனுப்பிய உதவியாளர் திருமதி ரூஜித்சா வந்து அவரைத் துடைத்து, டயப்பர் மாற்றி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைப்பார். டிசம்பர் முதல் தேதியிலிருந்து அவர் வரமாட்டார். நான் பிற்பகலில் திரும்பும்வரை அப்பா ஈரத்திலேயே கிடக்க வேண்டியதுதான். முன்பு ரூஜித்சா விடுப்பில் இருந்தபோது இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணானது. குடும்ப மருத்துவரின் சான்றை இணைத்திருக்கிறேன்.

2. திருமதி ரூஜித்சாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வாய் சும்மா இருக்காது. "யோவ் கிழவா, அரசாங்க நிலத்தை அளந்ததெல்லாம் போதும், காலைத் தூக்கு!" என்பார். அப்பா, "மரியாதை, மரியாதை!" என்று அதட்டியபடியே காலைத் தூக்குவார். பெற்ற மகளான நான் அதே வேலையைச் செய்யும்போது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ரூஜித்சா சன்னல் துடைக்க வருவதாக அண்டை வீட்டாரிடம் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். அதன்படி பார்த்தால், இவ்வூரில் அதிகம் துடைக்கப்படும் சன்னல்கள் எங்களுடையவைதாம்.

3. அக்டோபர் கடைசி வாரத்தில் ஆய்வுக் குழு வரும் என்று கடிதம் வந்தது. அந்த வார வியாழக்கிழமை புனித லூக்கா நாள், எங்கள் குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவா. அன்று மட்டும் வரவேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். எடுத்தவர், "ஸ்லாவா அன்னிக்கு யாருங்க வேலை பாப்பாங்க? நிம்மதியா கொண்டாடுங்க" என்றார். நான் நிம்மதியாக இருந்தேன். வியாழன் நண்பகலில் டாக்டர் நேவெங்காவும் அலுவலர் மிலுதினும் கோப்புடன் வாசலில் நின்றார்கள்.

4. ஸ்லாவா அன்று குடும்பத்தின் புனிதரை வணங்க யாரும் அழைக்காமலே வரலாம். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே ஆய்வாளர்களாக வாசல் ஏறியவர்கள் விருந்தாளிகளாக உள்ளே வந்தார்கள். சிலுவைக் குறி இட்டார்கள், இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள், பிளம் சாராயம் குடித்தார்கள், கோஸ் இலைச் சுருள் சாப்பிட மேசையில் அமர்ந்தார்கள். கோப்பு ரொட்டிக் கூடைக்கு அருகில் இருந்தது. மேசையில் ஏற்கெனவே என் ஞானத்தந்தையின் குடும்பமும் பக்கத்து வீட்டுத் தம்பதியும் இருந்தார்கள்.

5. அறிக்கையின் முதல் வரி: "பயனாளி ஆய்வு நேரம் முழுவதும் உதவியின்றி நின்றிருந்தார்." ஐயா, தாங்களும் ஸ்லாவா கொண்டாடும் வீட்டில் பிறந்தவராகவே இருப்பீர்கள். கடைசி விருந்தாளி எழும்வரை வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது. தங்கள் தந்தை அன்று உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் நேவெங்காவின் தந்தை? என் அப்பா பாத்திர அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, வந்தவர்களுக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓர் ஆண்டில் அவர் அப்படி நிற்பது அந்த ஒரு நாள்தான். தங்கள் குழு அளப்பதற்குத் தேர்ந்தெடுத்த நாளும் அதுவே.

6. இரண்டாம் வரி: "வீட்டில் வாடை ஏதும் உணரப்படவில்லை." ஸ்லாவாவுக்கு முந்தைய நாட்களில் எந்த வீட்டிலும் தரை கழுவாமல், திரைச்சீலை துவைக்காமல், மெத்தையை வெயிலில் போடாமல் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் சாம்பிராணியும் வறுத்த இறைச்சியும் மணந்தன. வேதியியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அமோனியா வாடை இல்லாதது சிறுநீர் இல்லாததற்குச் சான்றல்ல, யாரோ ஒருத்தி துடைத்திருக்கிறாள் என்பதற்கே சான்று. நாற்றமடிக்கும் வீட்டுக்கு உதவி, கழுவிய வீட்டுக்கு இல்லை என்பது விதியானால், அதை முன்கூட்டியே அறிவிப்பது நல்லது.

7. மூன்றாம் வரி: "பயனாளி கழிப்பறைத் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்வதாகக் கூறினார்." கூறினார், நான் மறுக்கவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் மேசையில், அத்தனை பேர் முன்னால் கேட்கப்பட்டது. "மாமா, பாத்ரூமுக்கெல்லாம் நீங்களேதானே போறீங்க?" என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அப்பா சொன்னார்: "என்ன கேள்விம்மா இது? நான் என்ன தொட்டில் பிள்ளையா? இன்னொரு சுருள் எடுத்துக்க டாக்டர், தட்டு காலியா இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டாக்டரைச் சமையலறைக்கு அழைத்தேன். "டாக்டர், அப்பா சொல்றது..." என்று தொடங்கியபோது அவர் என் தோளைத் தட்டினார்: "நல்ல நாள் அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு? மனுசன் தூணாட்டம் நிக்கிறாரே!" பின்னாலேயே வந்த அலுவலர் மிலுதின், "எங்கப்பா இவரைவிடச் சின்னவரு, சோபாவை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார். கேக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அதை மறுபரிசீலனையில் எனக்குச் சாதகமாகக் கருத வேண்டியதில்லை.

8. அறிக்கையில் இடம்பெறாதது இனி வருவது. ஞானத்தந்தையின் குடும்பம் கடைசியாகக் கிளம்பியது. வழக்கமாக என் தோளைப் பிடித்தாவது வாசல் வரை சென்று வழியனுப்பும் அப்பா அன்று அலமாரியை விட்டு நகரவில்லை. "எல்லாரும் போயாச்சா? கதவைச் சாத்தும்மா" என்றார். சாத்திவிட்டுத் திரும்பினேன். டயப்பரையும் மீறி அவர் கால்சட்டை தொடையிலிருந்து கணுக்கால்வரை நனைந்திருந்தது. கறுப்புத் துணி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இனிப்புக் கோதுமை கொடுத்த நேரத்திலிருந்தே ஈரத்தில் நின்றிருக்கிறார். உட்கார்ந்தால் நாற்காலியில் தெரிந்துவிடும், நடந்தால் தரையில் தெரிந்துவிடும் என்று விருந்து முழுவதும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆக, அவர் உட்காராததற்கு வழக்கம் பாதிக் காரணம்தான். மீதி, தங்கள் அலுவலகம் இல்லை என்று முடிவு செய்திருக்கும் அதே நோய்.

கழுவிவிடும்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லப்பா."

"டாக்டருக்கு?"

"டாக்டருக்குச் சத்தியமா தெரியல."

"அப்பாடா" என்றார்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை என்பதைத் தங்கள் அறிக்கையே உறுதி செய்கிறது.

9. மேல்முறையீடு பற்றி விசாரிக்கச் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த பெண், "பயனாளிதான் மனு போடணும். 'என்னால அடக்க முடியல'ன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க" என்றார். அவரால் அதை எழுத முடியாது என்றேன். "ஏன், கை வராதா?" என்று கேட்டார். கை நன்றாக வருகிறது. நில வரைபடத்தில் எழுதுவதுபோல இன்றும் அச்சாக எழுதுவார். அந்த வாக்கியத்தை மட்டும் எழுதமாட்டார். எழுதினால்தான் உதவி என்றால் உதவியே வேண்டாம் என்பார். பிறகு நான் வேலையை விட வேண்டும், அல்லது அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். இல்லத்தில் இடம் தயாராக இருப்பதாகவும் அப்பெண் அன்போடு சொன்னார். ஒரு காலை நேர உதவியாளரை விட அந்த இடத்துக்கு நகராட்சி பல மடங்கு செலவிடும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

ஆகவே வேண்டுவது இவ்வளவே. மறு ஆய்வு முடியும்வரை திருமதி ரூஜித்சா தொடர்ந்து வர அனுமதிக்க வேண்டும். புனிதர்கள் யாருக்கும் உரியதல்லாத ஒரு சாதாரண நாளில், நான் வேலைக்குப் போனபின், முன்னறிவிப்பின்றி ஒருவரை மட்டும் அனுப்ப வேண்டும். சாவி ரூஜித்சாவிடம் இருக்கும்; அவருடனேயே உள்ளே வரலாம். படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் போதும்; கேள்வி எதுவும் தேவைப்படாது. இம்மனுவை என் பெயரிலேயே ஏற்று, பதிலைப் பரிசோதனைக்கூட முகவரிக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வரும் தபாலை அப்பாதான் பிரிக்கிறார்.

விதிப்படி அவரிடமும் கேட்டே ஆக வேண்டுமென்றால் கேளுங்கள். முன்பு சொன்னதையேதான் சொல்வார். அதைக் குறுக்கிடாமல், மரியாதையுடன், முழுவதுமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அதில் ஒரு சொல்லையும் நம்பாமல் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஒலிவேரா பாவ்கோவிச்

இடம்: கோர்னி லூக்
நாள்: 18.11.2024

இணைப்பு: குடும்ப மருத்துவரின் சான்று, ஆய்வுக் குழு அறிக்கையின் நகல்.