அழுத பால்

செவ்வாய், இரவு.

ஆஸ்பத்திரி வாட்டில் பிள்ளை நித்திரை. வயிற்றோட்டம் குறைந்துவிட்டது.

பிள்ளையின் தகப்பனைக் கடல் கொண்டுபோனதில் இருந்து நான் அழாத நாள் இல்லை. நேற்றுப் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியதும், அவரின் அக்கா, என் மச்சாள், சொன்னா: "தாய் அழுதா பால் பழுதாப்போகும். அழுத பாலைக் குடிச்சா வயித்தால போகாம என்ன செய்யும்? நிப்பாட்டு." நானும் பாலை நிறுத்தித் தேத்தண்ணீர் பருக்கினேன். இன்று காலை அவன் கண்கள் உள்ளே போய்விட்டன. சலமும் போகவில்லை; கட்டிய துணி காய்ந்தே கிடந்தது. இங்கே தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம்.

டொக்டரம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தா. பால் நிறுத்திய கதையைச் சொன்னேன்.

"பால் பழுதாகாது, அம்மா. பிள்ளை தண்ணியில்லாமல் காய்ஞ்சுபோனான். இந்தப் பைக்கற்றில இருக்கிற வயித்தோட்ட உப்புத்தூளைத் தண்ணியில கரைச்சுக் கரண்டியால பருக்குங்கோ. பாலும் குடுங்கோ. சலம் போகுதோ எண்டு பாருங்கோ. அழுகை வந்தா அழுதழுது குடுங்கோ."

கொடுத்தேன். பின்னேரம் என் மடி சூடாக நனைந்தது. மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னா:

"மடியை நனைச்சுப்போட்டுக் கள்ளச் சிரிப்பு. தகப்பனேதான்."

இருவரும் அழுதோம். அவன் அதைக் கவனியாமல் திரும்பவும் பால் குடிக்கத் தொடங்கினான்.