சுகிர்தாவின் இந்த வாரக் கேள்வி

ஆகஸ்ட் 5, 1968. திங்கள்

புழுக்கம். வானம் மூடிக்கொண்டே இருக்கிறது, ஒரு தூறல் கூட இல்லை. காலை ஜெபம், இட்லி, இவரை நெசவாளர் சங்க ஆபீசுக்கு அனுப்பியது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். சுகிர்தாவின் பாவாடை ஓரத்தை அவிழ்த்து இறக்கித் தைக்க வேண்டும். பதினோரு வயதுக்கு நல்ல வளர்த்தி.

திங்கட்கிழமை, ஆகவே கேள்வி நோட்டு. அவள் கையெழுத்தில்: "டிப்தீரியா என்றால் என்ன? தம்பி எப்படிச் செத்தான்?"

"நல்ல கேள்வி" என்றேன். டீச்சர் புத்தி போகுமா? உள்ளே போய் அரிசி டின்னைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சட்டம் போட்டவள் நான். வாரம் ஒரு கேள்வி, அவளே எழுத வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லக் கூடாது. பதிலும் சொல்லக் கூடாது. யாரைக் கேட்கலாம், எங்கே பார்க்கலாம் என்பது மட்டும். எட்டு மாதமாக நடக்கிறது. ஒரு வாரம் பக்கத்து வீட்டுத் தறியில் உட்கார்ந்து இழை எண்ணிப் பெருக்கல் படித்தாள். ஒரு வாரம் திருப்பருத்திக்குன்றம் கோயில் கூரைச் சித்திரங்கள். ஒரு வாரம் முழுக்க எறும்பு.

பிள்ளை தானாகக் கற்பதே மேல் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் தம்பி தாவீதுக்கு அந்த நோய் பள்ளிக்கூடத்தில்தான் தொற்றியது. அவனுக்கு ஏழு வயது. இவளை மறுபடி அங்கே விட மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 6. செவ்வாய்

மழை இல்லை. பக்கத்து வீட்டுச் சரோஜம்மா குழாயடியில் யாரிடமோ: "டீச்சரம்மா பொண்ண இஸ்கோலுக்கு அனுப்பாம ஊட்லயே வச்சிக்கினு கீது. அது பாட்டுக்குத் தனியா பேசிக்கினு திரியுது, பாவம்." என்னைப் பார்த்ததும் குடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. தனியாகப் பேசவில்லை, யோசிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம்.

சாப்பிட வந்தபோது இவருக்குக் கோபம். "வேற பாடம் குடு. செத்துப்போன புள்ளய வச்சா படிப்பு?"

"இந்த ஒண்ணுக்கு மட்டும் கூடாதுன்னா, இனிமே அவ எதையுமே கேக்க மாட்டா."

தட்டிலேயே கை கழுவிவிட்டுப் போனார். சு.வை எஸ்தரிடம் அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், நம் சபைதான். நாளைக்கு வரச் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 7. புதன்

எஸ்தரிடம் போய் வந்தாள். நான் கத்தரிக்காய் நறுக்க, எதிரே உட்கார்ந்து வசனம் ஒப்பிப்பது போல ஒப்பித்தாள். தொண்டையில் வெள்ளையாகத் தோல் மாதிரி படரும். மூச்சை அடைக்கும். ஊசி உண்டு.

"மொத ரெண்டு நாளுக்குள்ள போட்டா பொழைக்க ரொம்ப சான்ஸ் இருக்குதாம். நாளாக ஆகக் கஷ்டமாம். எஸ்தர் அக்கா சொன்னாங்கம்மா."

"அப்படியா" என்றேன். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். இவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார்.

ஆகஸ்ட் 8. வியாழன்

வெயில். பாவாடை தைத்தாயிற்று.

சு. தம்பியின் கடைசி நாட்களை நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.

வெள்ளி:
சனி: தொண்டை கம்மல். அம்மா...
ஞாயிறு: அறுப்பின் பண்டிகை. கோவிலில் பாடினான்.
திங்கள்: மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி.
செவ்வாய்: விடியற்காலை.

"சனிக்கிழம நீங்க இன்னாம்மா பண்ணீங்க?"

"தெரிஞ்சவங்களப் போய்க் கேளு." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"இது உங்களுக்குத்தாம்மா தெரியும்."

பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை.

ஆகஸ்ட் 9. வெள்ளி

செய்த வேலைகள்: பரண் சுத்தம். திரைச்சீலை துவைத்தது. ஊறுகாய் ஜாடி வெயிலில். சுத்தமாக இருந்த பித்தளையை மறுபடி துலக்கியது. சு. நோட்டும் கையுமாகப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

இங்கேயாவது எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை இவர் வாலாஜாபாத் போயிருந்தார். தாவீது வந்து "முழுங்க முடியலம்மா" என்றான். பத்து நாளாகப் பாட்டுப் பாடிப் பாடித் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். தனியாகப் பாட அவனுக்குத்தான் வாய்ப்பு, நான்தான் போதகரிடம் கேட்டு வாங்கினேன். புதுச் சட்டை வேறு. மிளகும் கற்கண்டும் கொடுத்து, "நாளைக்குப் பாடிட்டு நல்லாப் படுத்துக்கோ கண்ணு" என்றேன். நெற்றி சுட்டது. சுடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கரகரவென்றுதான் பாடினான். பூசணிக்காயும் நெற்கதிரும் குவித்து வைத்த படிக்கட்டில் நின்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கர்த்தாவே, அந்தப் பெருமைதான் இன்னும் என்னை அறுக்கிறது. இவரிடம் கூடச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்று பழியை அங்கேயே போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10. சனி

மத்தியானம் சொல்லிவிட்டேன். மிளகு, கற்கண்டு, நெற்றி சுட்டது, எல்லாம். அவள் பென்சிலால் வரி வரியாக எழுதிக்கொண்டாள். அழவில்லை. அழுது கட்டிப்பிடிப்பாள், அல்லது வெறுப்பாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

எழுதி முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழம உங்களுக்குத் தெரியாதில்ல?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தான்?"

"இல்லம்மா. இஸ்கூல்லேந்து வரும்போதே தொண்ட வலிக்குதுன்னான். அம்மாகிட்ட சொல்லாதடா, சொன்னா பாட வுட மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். சரிக்கான்னான்."

பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு நாளுன்னாங்க இல்ல, எஸ்தர் அக்கா. அதான். போனது உங்க நாளா, என் நாளான்னு பாக்கணும்."

தாவீது போய்ப் பத்து மாதம். பக்கத்தில் படுத்து, என்னோடு ஜெபம் பண்ணி, எறும்பு பார்த்து, இழை எண்ணி, இதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தானாகக் கற்கட்டும், தானாகக் கற்கட்டும் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். "ரெண்டும் என் நாள்தான்டி. நீ கொழந்த. நெத்தி சுட்டது எனக்குத் தெரிஞ்சது, உனக்கில்ல. உம்மேல ஒண்ணும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் சேலையெல்லாம் நனைந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெள்ளிக்கிழமயே சொல்லியிருந்தா, சனிக்கிழம நீங்க பாட்டாலன்னு நெனச்சிருக்க மாட்டீங்களேம்மா."

யார் சொன்னாலும் அப்படியே நம்பாதே, நீயே பார்த்து முடிவு செய் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். என் பேச்சையும் அவள் நம்பவில்லை.

வெள்ளிக்கு எதிரே அவளே எழுதிக்கொண்டாள். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

ஆகஸ்ட் 11. ஞாயிறு

கோவில். பிரசங்கம் காதில் விழவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நடந்து வரும்போதே. வீட்டு வாசலில் சு.வின் தலையில் கை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 12. திங்கள்

லேசான தூறல். கொடித் துணிகளை எடுத்தேன்.

கேள்வி நோட்டு. "எத்தனை வயதிலிருந்து செய்தால் பாவம்? யாரைக் கேட்க வேண்டும்?"

போதகரிடம் அனுப்ப மாட்டேன். அவர் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார், இவள் அதையும் நோட்டில் எழுதிக் கோடு போடுவாள். அவளிடமிருந்து பென்சிலை வாங்கி "அம்மாவை" என்று எழுதினேன். சட்டம் போட்டதும் நான், மீறினதும் நான்.

வாசித்துப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றேன். "எனக்கும் தெரியணும்."

தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.