சத்தமில்லாத கமரா

யூலை 12, சனிக்கிழமை

பாவித்த மிரர்லெஸ் கமரா ஒன்று வாங்க அம்மாவுடன் மெல்பேர்ன் நகரத்துக் கடைக்குப் போனேன். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்றில் படமெடுத்தால் ‘டிக்’ என்று கேட்கும். மற்றதில் அந்தச் சத்தத்தை நிறுத்திவிடலாம். நான் வாசித்த விமர்சனங்கள் இரண்டையும் ஒரே அளவில்தான் புகழ்ந்தன.

அம்மாவின் முன்பல் ஒன்று உடைந்திருக்கும். ‘டிக்’ கேட்டதும் உதட்டை மூடிவிடுவார். வீட்டு ஆல்பத்தில் அவர் சிரிக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

கடைக் கதிரையில் இருந்தபடி பெரியம்மாவுடன் போனில் கதைத்தவர், திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். சத்தமில்லாத கமராவில் என் மெமரி கார்ட்டைப் போட்டு அந்தச் சிரிப்பைப் படமெடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியவே இல்லை. பிறகு நானே ஆசையாகக் காட்டினேன்.

“ஐயோ, பல்லுத் தெரியுது! களவா எடுத்தனியோ? அழி பிள்ளை.”

“வடிவா இருக்கிறீங்கள் அம்மா.”

“உனக்குக் கமரா இல்லை, கண்ணாடிதான் வாங்கோணும். அழிச்சிட்டியோ?”

“ஓம் அம்மா.”

அழிக்கவில்லை. அந்தக் கமராவையே வாங்கினோம். ரயிலில் அம்மா சொன்னார்: “நல்ல கமராவாத்தான் வாங்கினனி. சத்தம் போடாது, கோயிலிலையும் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.” அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை.

இப்போது கமராவின் சத்தத்தைப் போட்டுவிட்டேன். இனி அது சொல்லிவிட்டுத்தான் படமெடுக்கும். படத்தை அழிக்கவில்லை என்று நாளை காலை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அழிக்கத்தான் சொல்லுவார். அதற்கு முன் இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.