என் அளவுக்குத் தைத்த யூனிஃபார்ம்

பூவம், காரைக்கால்
30.4.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை செல்வி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், மாடு எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பது பேப்பரைப் பார்த்துத் தெரிந்தது. போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவையே கூட்டிவிடுகிறாள். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் தபால்.

அந்தப் பேப்பரை டீக்கடையில் கேட்டு வாங்கி, மடியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார் அப்பா. அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். காதுக்கம்மலைத் தொலைத்தவள் மாதிரி நீ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு புல்லு கெடக்கு, ஒரு மாட்டக்கூட காணோமே" என்றார். அதற்குமேல் அவருக்குக் கோல்ஃப் பற்றிக் கேட்க ஒன்றும் இல்லை.

நீ கோப்பையை விட்டுக் கொடுத்த கதையைப் படித்தேன். பந்துக்குப் பக்கத்தில் கிடந்த காய்ந்த இலையை எடுத்தாயாம். பந்து ஒரு விரற்கடை அசைந்ததாம். யாரும் பார்க்கவில்லையாம். நீயே கையைத் தூக்கி, அபராதமாக ஓர் அடியைக் கூட்டிக்கொண்டாயாம். அந்த ஓர் அடி கூடியதால்தான் தோற்றாயாம். 'கண்ணியவான் புகழேந்தி' என்று தலைப்பே போட்டிருக்கிறார்கள். காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு பெரிய தலைப்பு போடமாட்டார்கள்.

கடைசிப் பத்தியையும் படித்தேன். 'என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அவளை டாக்டர் ஆக்குவதற்காகத்தான் விளையாடுகிறேன்.'

அண்ணா, உனக்கு எத்தனை தங்கை?

மூன்றாம் வீட்டுப் பெரியம்மா, "எந்த ஸ்கூலுடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் கோட்டுச்சேரியில் பத்ருன்னிசா அக்கா தையல் கடையில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுவது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் பேத்தி பாவாடையை நான்தான் தைத்தேன்.

தவறாக வந்துவிட்டது என்று அதே பேப்பரில் போடச் சொல். இரண்டு வரி போதும்.

உன் அன்புத் தங்கை,
செல்வி

*

சண்டிகர்
9.5.2024

என் செல்லத் தங்கை செல்விக்கு,

உன் கடிதம் பெங்களூரு அறைக்குப் போய், சுப்ராயன் மாமா கையிலிருந்து சுற்றி வந்து சேர்ந்தது. மாமா இன்னும் அதே மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் பதினைந்து வயதில் அவரிடம் போய் நின்று, பிறர் மட்டைப் பையைத் தூக்கி நடந்தவன் என்பதை மறக்கவில்லை. இன்று என் பையைத் தூக்க ஓர் ஆள் இருக்கிறான்.

அந்தப் பேட்டி பெரிய விஷயமே இல்லை, பாப்பா. நிருபர் வீட்டைப் பற்றிக் கேட்டார். தங்கை படிக்கிறாள் என்று வாயில் வந்துவிட்டது. படிக்க வேண்டியவள்தானே நீ? மீதியை அவர் சேர்த்துக்கொண்டார். ஆனால் அதைப் படித்துத்தான் ஒரு சட்டைக் கம்பெனி என்னைத் தேடி வந்திருக்கிறது. அண்ணன் தங்கை என்று விளம்பரப் படம் எடுக்கிறார்கள். ஜூன் எட்டாம் தேதி காலையில் நம் வீட்டில், மறுநாள் காரைக்கால் கடற்கரையில். நான் கடற்கரைக்கு நேராக வந்துவிடுவேன்.

நீ பள்ளி யூனிஃபார்மில் இருக்க வேண்டும். அரை நாள் வேலை. ஒரு பாரம் தருவார்கள், வீட்டில் எல்லோரும் கையெழுத்து போட வேண்டும். நீ ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. உனக்குத்தான் பேச வராதே, அதற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இயக்குநருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்மாவிடம் மூட்டுவலித் தைலத்தை விடாமல் தடவச் சொல்.

அன்பு அண்ணன்,
புகழேந்தி

*

பூவம்
18.5.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே உன் ஆர்டர் வந்துவிட்டது.

மே மாதம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகள் தாய்மாரோடு வரிசையில் நிற்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பத்ருன்னிசா அக்கா போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"புள்ள, ஒங்க அண்ணன் பேசுனாரு. ஒரு செட்டு யூனிஃபார்மு வேணுமாம். நீலப் பாவாடை, வெள்ளச் சட்டை, கோட்டு."

யாருக்கு என்றேன்.

"ஒனக்குத்தான். அளவு ஒன்கிட்டயே கேட்டுக்கச் சொன்னாரு." அக்கா டேப்பை என் கழுத்தில் போட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மூன்று நாளாக அதைத்தான் தைத்தேன். வாங்கிய வேலையை முடிப்பது எங்கள் கடை வழக்கம். தோள் பதினாலு, இடுப்பு இருபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் துணி மிச்சமாகியிருக்கும்.

அந்த இரண்டு வருஷம் உனக்கு மறந்து போயிருக்கலாம். வெறும் புல்லையே பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் மங்குமோ என்னவோ. அதனால் எழுதுகிறேன். உன் இடது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டபோது நான் பிளஸ் ஒன் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. உனக்குச் சமைத்துப் போட அம்மா பெங்களூருவுக்கு ரயில் ஏறினாள். எட்டு மாதம். அப்பா வயலுக்குப் போனால் மாட்டுக்கும் அடுப்புக்கும் நான். தாவரவியல் டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை வரவில்லை, பெயரை அடித்துவிட்டார்கள். உன் கை கூடிவிட்டது. நீ மறுபடி ஆடப் போய்விட்டாய். அம்மா திரும்பி வந்தபோது வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதனால் என்னைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுப் போட்டு நீ சும்மா உட்கார்ந்திருந்த நாளில் எனக்கு ஒரு பாடம் எழுதி அனுப்பினாய். இன்னும் வைத்திருக்கிறேன். கோல்ஃபில் உன் அட்டையை நீ எழுதுவதில்லை. கூட ஆடுகிறவன் மார்க்கர், அவன்தான் உன் அடிகளை எண்ணி எழுதுவான். கடைசியில் நீ சரிபார்த்துக் கையெழுத்து போட வேண்டும். அடித்ததைவிட ஓர் அடி குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்து போட்டால் போட்டியிலிருந்தே வெளியே. 'உலகத்திலேயே நேர்மையான விளையாட்டு இதுதான் பாப்பா' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய்.

நேர்மை அந்த வேலிக்குள்ளேதானா? வெளியே வரும்போது தொப்பியோடு கழற்றி வைத்துவிடுவீர்களா?

பேப்பரில் திருத்து. அதற்குப் பிறகு நீ சொல்கிற இடத்தில் வந்து நிற்கிறேன், என் சொந்தத் துணியில்.

செல்வி

*

பெங்களூரு
28.5.2024

செல்விக்கு,

அண்ணனுக்கு எழுதுகிற மாதிரியா எழுதியிருக்கிறாய்? இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

நான் என்ன சுகமாக இருக்கிறேன் என்று நினைக்கிறாயா? இந்த வருஷம் ஆறு போட்டியில் நான்கில் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். பட்டியலில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அடுத்த வருஷம் ஆடும் உரிமையே இல்லை. மறுபடி தகுதிப் போட்டி, இல்லாவிட்டால் மறுபடி யாருடைய பையோ. இந்தக் கம்பெனி கைவிட்டால் நான் ஆடுவதற்கே வழியில்லை. இப்போது பேப்பரில் திருத்தினால் என்னைக் கண்ணியவான் என்று எழுதினவனே பொய்யன் என்று எழுதுவான்.

உன்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. அம்மா கிளம்பும்போது "நான் போவட்டுமாடி?" என்று உன்னைக் கேட்டாள். நான் போனில் இருந்தேன். நீ தலையாட்டினாய் என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே? அப்போது பேசாதவள் இப்போது மட்டும் பக்கம் பக்கமாகப் பேசுகிறாய்.

எட்டாம் தேதி எனக்காக ஒரே ஒரு முறை நில். படம் முடியட்டும், டுடோரியலில் சேர்த்துவிடுகிறேன். பொய் உண்மையாகிவிடும்.

அண்ணன்

*

கோட்டுச்சேரி
18.8.2024

அண்ணாவுக்கு,

ஆமாம், தலையாட்டினேன். அது என் அடி. யாரும் பார்க்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, என் அட்டையில் கூட்டிக்கொள்கிறேன்.

எட்டாம் தேதி நடந்ததை அம்மா எப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் கத்தவில்லை. அவர்கள் வந்தபோது கடைக்குப் போகிற சுடிதாரில் இருந்தேன். அம்மா யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். பாரத்தில் பெயர், வயது, உறவு, படிப்பு என்று கோடு போட்டிருந்தது. படிப்பு என்ற இடத்தில் 'பத்தாம் வகுப்பு வரை. இப்போது தையல் வேலை' என்று எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். இயக்குநர் படித்துவிட்டு உனக்குப் போன் போட்டார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் மட்டும், "அப்ப வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம் சார்" என்றார். நான் பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் நீ காரைக்கால் கடற்கரையில் இருந்தாய். அப்பாவும் அம்மாவும் வந்து பார்த்தார்கள். கோட்டுச்சேரிக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வரை கடை வாசலைப் பார்க்கிற மாதிரி மெஷினைத் திருப்பிப் போட்டிருந்தேன். நீ ரயில் ஏறிவிட்டாய் என்று அம்மா வந்து சொன்னாள். கம்பெனிப் பெயர் போட்ட ஒரு தொப்பியைக் கொடுத்தாள். அதில் பட்டன்கள் போட்டு வைத்திருக்கிறோம். ஆழமான தொப்பி, நிறையப் பிடிக்கிறது.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன வியாழக்கிழமை உன் படம் வந்தது. பத்ருன்னிசா அக்கா தன் போனில் காட்டினார். அலை அடிக்கிறது. நீ மட்டையோடு நிற்கிறாய். ஒரு பெண் புத்தகப் பையோடு ஓடி வருகிறாள். கோவில்பத்துப் பெண்ணாம், வாயெல்லாம் சிரிப்பு. நீ அவள் தலையில் கை வைக்கிறாய். 'என் தங்கைக்காக' என்று எழுத்து வருகிறது.

அக்கா படத்தை நிறுத்தினார். "இது நம்ம தையலுல்ல, புள்ள?"

நம் தையல்தான். அம்மா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தோள் தொங்குகிறது, பாவாடை இடுப்பில் நிற்காமல் பின் குத்தியிருக்கிறார்கள். வேறு யாருக்கும் பொருந்தாது. அது என் அளவு.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் நன்றாகப் படிக்கட்டும். உன்மேலும் கோபம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு விரற்கடை அசைந்த பந்துக்குக் கையைத் தூக்கியவன், தங்கையையே மாற்றி வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாய். கோபத்துக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டும், அண்ணா. அது என்னிடம் தீர்ந்துவிட்டது.

டுடோரியல் வேண்டாம். தனித்தேர்வுக்கு அக்காவே விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்கிறேன். டாக்டர் ஆகப் போவதில்லை. பெயரை அடித்த இடத்தில் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை நாளும் உன் மார்க்கர் நான்தான். கூடவே நடந்து எண்ணியிருக்கிறேன். பேப்பரில் சொன்ன பொய்யிலிருந்து கடைக்கு வராமல் ரயில் ஏறியது வரை எழுதி, உன் அட்டையை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். சரிபார்த்துக் கையெழுத்து போடுவதும் போடாததும் உன் பாடு. எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ம. தாமரைச்செல்வி
தையல்காரர், கோட்டுச்சேரி