லிஜினுக்க கை

ஜூன் 9, 2024

லேப் டெக்னீஷியன் படிப்ப பாதியில விட்டவளுக்கும் ஒரு வேல கெடச்சாச்சு. ரெஜிலா மேடத்துக்க ஆராய்ச்சில பேரு எழுதி, ட்யூப்ல ஸ்டிக்கர் ஒட்டணும். மேடம் இருபது வருசமா கல்லீரல தின்னுத வைரஸுக்க பின்னாலயே அலையுதாங்க. எங்க குளச்சல் கடப்புறத்துல எத்தன பேருக்கு அந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்குன்னு பாக்கணுமாம். மீன் பிடிக்க தடைக்காலம், போட்டெல்லாம் கரையில. கோயில் ஹால்ல கேம்ப். ரத்தம் கொடுத்தா பிஸ்கட்டும் ஜூஸும்.

எனக்கு பொம்பளைய மேச. ஆம்பிளைய மேசையில மதுரைக்காரனுவ ரெண்டு பேரு. இங்க ஒரு மூஞ்சியும் அவனுவளுக்கு தெரியாது.

ஜூன் 26

எங்க அம்மைக்கும் இருக்கு.

மேடமே வீட்டுக்கு வந்து சொன்னாங்க. அம்மை மொதல்ல கேட்டது, "இனி எனக்கு தனி பிளேட்டா?" மேடம், அம்மை குடிச்சு வச்ச காப்பிய எடுத்து மிச்சத்த குடிச்சாங்க. ஆறிப்போன காப்பி. பெறகு சொன்னாங்க: "சாப்பாட்டுல பரவாது. பேறுகாலத்துல பிள்ளையளுக்கு வந்திருக்கலாம். ஆனா ஜின்சிக்கும் ஜினோவுக்கும் பாத்தாச்சு, ரெண்டு பேருக்கும் இல்ல."

அம்மை சிலுவ போட்டா.

ஜூன் 27

ஜினோ அண்ணன்கிட்ட, நீ தப்பிச்சன்னு சொன்னேன். சிரிக்கான்.

"ஏட்டி, அது லிஜினுக்க ரத்தம்."

அவனுக்கு குவைத் விசா வரப்போகுது. ரத்தத்துல ஏதாவது இருந்து ஏஜென்டு காதுக்கு போனா எல்லாம் போச்சாம். அவனுக்க கூட்டுக்காரன் லிஜின் போன வருசம் விசா மெடிக்கல் பாஸானவன், சுத்தமான ரத்தம். அவன அனுப்பியிருக்கான். கரையில வேற கொஞ்சம் பேருக்கும் லிஜின்தான் கை நீட்டினானாம். ஆளுக்கொரு ஜூஸு.

"மெடிக்கல்ல எப்பிடியும் குத்துவானுவ, இல்லியா?"

"அத அப்பம் பாக்கலாம். நீ வாய தொறந்தியோ, நான் உனக்கு அண்ணன் இல்ல."

ஜூலை 3

மேடத்துக்கு ஒரே குஷி. பொதுவா ஆம்பிளையளுக்குதான் கூடுதலா இருக்குமாம். இங்க மட்டும் பொம்பளையளுக்கு. "இத்தன வருசத்துல இப்பிடி ஒண்ண நான் பாத்ததில்ல, ஜின்சி." டெல்லில பெரிய மீட்டிங்ல பேசப்போறாங்க. காரணம் என்னன்னு போர்டு நெறய எழுதி வச்சிருக்காங்க.

காரணம் லிஜின். நாக்கு நுனி வர வந்தான். முழுங்கிட்டேன்.

ஜூலை 4

அண்ணனுக்கு இல்லாமலும் இருக்கலாம். இருந்தா? அவன் குடிக்கான் வேற. சவத்த, எனக்கென்ன — அவனுக்க கல்லீரல், அவன் பாடு.

இல்ல. அப்பிடி விட முடியல.

ஜூலை 6

சொல்லிட்டேன்.

மேடம் கத்துவாங்கன்னு நெனச்சேன். கண்ணாடிய கழத்தி தொடச்சாங்க. "எத்தன பேரு?" தெரியாதுன்னேன். "அப்பம் ஆம்பிளைய கணக்கு முழுக்க குப்பை." அங்க இருந்துட்டே டெல்லிக்கு மெயில் போட்டாங்க, வரலன்னு. போர்ட அழிச்சாங்க. "தப்பு எனக்க பக்கம். ஊர்க்காரன் ஒருத்தன அந்த மேசையில இருத்தல. பேரையும் கேட்டேன். கல்ஃபுக்கு போறவன் பேரு சொல்லுவானா?"

கடைசில: "அண்ணன கூட்டிட்டு வா. மத்தத நான் பாத்துக்கேன்."

ஜூலை 14

அண்ணன் எங்கிட்ட பேசுகதில்ல. அம்மைதான் சட்டக் காலர பிடிச்சு டெஸ்டுக்கு இழுத்துட்டு போனா.

ஜூலை 22

இருக்கு. கல்லீரல் இறுகத் தொடங்கியிருக்காம். தினம் ஒரு குளிகை. குடி கூடாது. இப்பமே பிடிச்சது நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.

குவைத் போச்சு. அவன் கடல பாத்து இருக்கான். நான் பக்கத்துல போகல.

நவம்பர் 2

அண்ணன் பேசினான். "ஏட்டி, குளிகை தீந்து போச்சு." அவ்வளவுதான்.

ஜூன் 8, 2025

மறுபடி தடைக்காலம், மறுபடி கேம்ப். இந்த தடவ பேரு கிடையாது, நம்பர்தான். ரிசல்ட் அவனவன் கையில மட்டும். ஆம்பிளைய மேசையில எங்க அண்ணன். மேடமே கூப்பிட்டு இருத்தினாங்க.

லிஜின் ஒரு தடவ ரத்தம் குடுத்துட்டு ரெண்டாவது சுத்து வந்தான்.

"ஏலே, உனக்க கை முடிஞ்சி. போ."

"ஜூஸுக்கு வந்தேன் மக்கா."

அண்ணன் ஒண்ண எடுத்து எறிஞ்சான்.

அடுத்த மாசம் துபாய் போறவரு ஆன்ட்ரூஸ். வாசல்லயே நின்னாரு. "ஏஜென்டுக்கு தெரிஞ்சா என்னலே செய்ய?"

அண்ணன் பாக்கெட்ல இருந்து குளிகை அட்டைய எடுத்து மேசையில போட்டான். எல்லாரும் பாக்க.

"எனக்கு தெரிஞ்சி போச்சு. செத்தா போனேன்?"

 ஆன்ட்ரூஸ் சட்டக் கைய மடக்கினாரு.