நிறுத்து என்ற பிறகு

ஜூலை 8, செவ்வாய்

மேஜை மேல் மூன்று ஜோடி இயர்பட்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றைப் பற்றியும் விமர்சனம் எழுதி எடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றுமே வெளிச்சத்தத்தை அடைத்துவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மந்தைவெளியில், மூன்றாவது மாடியில், தனியாக இருக்கிறவளுக்கு அடைக்க என்ன சத்தம் இருக்கிறது? ஃபேன். குக்கர் விசில், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ் ஹாரனுக்காகக் காத்திருந்தேன்.

மைக்கைச் சோதிக்க யாரிடமாவது பேச வேண்டும். கேஸ் புக்கிங் நம்பரைப் போட்டால் பதிவு செய்த குரல். நான் பேசுவது தெளிவாக இருக்கிறதா என்று அதனிடம் எப்படிக் கேட்பது? கடைசியில் மெடிக்கல் ஷாப்புக்குப் போன் செய்து, எனக்கு வேண்டாத இருமல் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னாக்கா, கெணத்துக்குள்ள இருந்து பேசுறியா?" என்றார் கடைக்காரர். அந்த ஜோடிக்கு மார்க் குறைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

அடையாறு. காலை ஆறு மணி கராத்தே கிளாஸ். ஜோடி பிரித்தால் எப்போதும் நான் ஒருத்தி மிஞ்சுகிறேன். மற்றவர்களுக்கு என் வயதில் பாதி. சுயம்புலிங்கம் மாஸ்டர் என்னைச் சுவர்ப் பக்கம் தனியாக உதைக்கச் சொல்லிவிட்டார்.

முடிந்ததும் கூப்பிட்டார். "டிசம்பர்ல பிளாக் பெல்ட் டெஸ்ட். இந்த வாட்டியாவது பேர் கொடும்மா. பதினோரு வருஷம் ஆச்சு."

"பாக்கலாம் மாஸ்டர்."

"அஃப்சர் இருந்தா உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கினு வந்திருப்பா."

பத்து வருடம் அஃப்சருன்னிசாதான் என் ஜோடி. ராயப்பேட்டைக்காரி, அங்கேயே ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். போன வருடம் ஜனவரியில் என்னோடு மோதும்போது அவள் இடது முட்டி போனது. ஆபரேஷன். அதற்குப் பிறகு அவள் கிளாஸுக்கு வரவில்லை. நானும் அவளைப் பார்க்கப் போகவில்லை. எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

மதியக் காட்சி, தனியாக. "சிங்கிள்தானே மேடம், கொஞ்சம் அந்தக் கடைசி சீட்டுக்குப் போறீங்களா?" என்றது ஒரு குடும்பம். போனேன்.

நாற்பது பேரை அடிக்கிறான் கதாநாயகன், மூச்சு வாங்கவில்லை. இரண்டு நிமிடம் நிஜமாக மோதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முடிந்ததும் பேர் கேட்டால்கூடச் சொல்ல வராது. அடியாட்கள் வரிசையில் நின்று, தங்கள் முறை வந்ததும் ஓடிவருகிறார்கள். ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. இதையெல்லாம் அஃப்சரின் காதில் சொல்லிச் சொல்லி, இரண்டு பேரும் சிரித்து, முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். சண்டைப் படம் ஒன்றையும் விட்டதில்லை நாங்கள்.

இன்று யாரும் முறைக்கவில்லை.

ஜூலை 16, புதன்

இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பல் தேய்க்கும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

புது ஸ்மார்ட் வாட்ச் வந்திருக்கிறது. கம்பெனி பேர் இதுவரை கேள்விப்படாதது. நாம் கீழே விழுந்தால் கண்டுபிடிக்குமாம். ஒரு நிமிடத்துக்குள் 'நலம்' என்று அழுத்தாவிட்டால், நாம் கொடுத்திருக்கும் நம்பருக்கு இடத்தோடு செய்தி போய்விடும். தனியாக இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம் என்று விளம்பரம்.

அந்த நம்பரைக் கொடுக்காமல் மேற்கொண்டு போக விடவில்லை. தம்பி மஸ்கட்டில். வெளிநாட்டு நம்பரை ஏற்கவில்லை. ஆபீஸ்? எடிட்டரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அரைமணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனியாக இருப்பவர்களுக்காகச் செய்த சாமான், முதல் கேள்வியிலேயே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது.

கடைசியில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைப் போட்டேன். அஃப்சருடையது. எழுதி முடித்ததும் எடுத்துவிடலாம்.

ஜூலை 24, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் மெத்தையைத் தரையில் போட்டு விழுந்து பார்த்தேன். முன்பக்கம், பக்கவாட்டில், பின்னால். வாட்ச் கண்டுகொள்ளவில்லை. அடிபடாமல் விழப் பழகிய உடம்பு, அதனால் இருக்குமோ என்று தடாலென்று மூட்டையாட்டம் விழுந்தேன். அதற்கும் ஒன்றும் இல்லை. தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். எரிச்சலில் கழற்றிக் கட்டில் மேல் வீசினேன். சுவரில் பட்டுக் கீழே போனது. கிடக்கட்டும் என்று துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். தூறல் வரும்போல இருந்ததால் பக்கத்து வீட்டுத் துணியையும் எடுத்து மடித்து வைத்தேன்.

கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு, அரைமணி கழித்து இறங்கி வந்தால் என் வீட்டு வாசலில் அஃப்சர்.

துப்பட்டா தோளிலிருந்து வழிந்து கிடக்கிறது. ஒரு கை சுவரில். இன்னொரு கையால் கதவை அடிக்கிறாள். "அன்பு! அன்பு!" என்று தொண்டை கிழிகிறது. இடது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்திருந்தாள். அந்தக் காலோடு மூன்று மாடி ஏறியிருக்கிறாள். லிஃப்ட் கிடையாது.

"அஃப்சர்" என்றேன்.

திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள், கையிலிருந்த துணி மூட்டையையும் பார்த்தாள்.

"உயிரோடதான் கீறியாடி?"

அவ்வளவுதான். படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் விழுந்தது வாட்சுக்குத் தெரியவில்லை. அது விழுந்தது அதற்குத் தெரிந்திருக்கிறது. 'அன்புச்செல்வி கீழே விழுந்துவிட்டார், பதில் இல்லை' என்று அவளுக்குச் செய்தி. ஒன்பது தடவை போன் செய்திருக்கிறாள். என் போன் சமையலறையில் சார்ஜில், சத்தமில்லாமல்.

உள்ளே கூட்டிவந்து டீ போட்டேன். சர்க்கரை ஒரு ஸ்பூன்தான் என்பது கைக்கு மறக்கவில்லை. பி.டி. டீச்சர் வேலை போய்விட்டதாம். ஓட முடியாதவள் பிள்ளைகளை எப்படி ஓட வைப்பாள் என்று லைப்ரரியில் உட்கார்த்திவிட்டார்களாம். புத்தகத்துக்கு நம்பர் ஒட்டுகிறாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கறேன். நான் நொண்டி ஆனதும் உனக்கு வேணாதவளா ஆயிட்டேனா? ஆக்சிடென்ட்டுக்கு உன் மேல எனக்கு இன்னாடி கோவம்? ஆஸ்பத்திரியில தெனம் கதவையே பாத்துக்கினு இருந்தேன். நீ வரல."

"பயமா இருந்துச்சு" என்றேன்.

"லூசு" என்று என் தலையில் தட்டினாள்.

ஜூலை 25, வெள்ளி

தூக்கமில்லை. இங்கேயாவது எழுது.

அவள் முட்டி போன அன்னிக்கு மாஸ்டர் பிளாக் பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒரு பேர்தான் சொன்னார். அஃப்சர். "அன்பு அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அவள் என் கையைப் பிடித்து, "நீ இல்லாம எனக்கு எதுக்குடி?" என்றாள். அந்த இரக்கம்தான் — அதுதான் எரிந்தது. அரைமணி கழித்து நாங்கள் மோதினோம். அவள் மூன்று பாயின்ட், நான் பூஜ்யம். மாஸ்டர் "யாமே" என்றார். நிறுத்து என்று அர்த்தம். அஃப்சர் கையை இறக்கிவிட்டாள். சிரித்தபடி பாதி திரும்பினாள். முழு பாரமும் இடது காலில்.

எனக்கு அந்தச் சொல் கேட்டது. நல்லா கேட்டுச்சு. கேட்ட பிறகுதான் உதைச்சேன். முட்டியப் பாத்து உதைச்சேன்.

"கேக்கல மாஸ்டர், வேகத்துல வந்துடுச்சு" என்று அழுதேன். எல்லோரும் நம்பினார்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் ஒன்றரை வருடம் ஒளிந்திருந்தேன். அவளும் நம்பியிருக்கிறாள். அய்யோ, அவளும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவளே டிக்கெட் எடுத்தாள். புதுச் சண்டைப் படம். பழையபடி காதோடு காதாகப் பேசி, பழையபடி முறைப்பு வாங்கினோம். எத்தனை நாளாயிற்று, வயிறு வலிக்கச் சிரித்து!

இடைவேளைக்குப் பிறகு வில்லன் ஆள் ஒருத்தன் இரும்புக் கம்பியால் கதாநாயகன் முட்டியில் போட்டான். அடுத்த காட்சியில் அடிபட்டவன் கூரைக்குக் கூரை தாவுகிறான். "நைனா, எந்த டாக்டர்டா உனக்கு? எனக்கு நடக்கவே பதினோரு மாசம் ஆச்சே!" என்றாள் அஃப்சர். பக்கத்து சீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னாடி?" என்றாள். பாப்கார்ன் புரையேறியது என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லாமல் இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகள், டீ, அவள் திட்டு. யாருக்கும் தெரியப்போவதில்லை. நேற்று அவள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். அவள் வீட்டுக்காரர் நூர் முஹம்மது, "இவ சிரிச்சே ரொம்ப நாளாச்சும்மா, அடிக்கடி வா" என்றார். பாதிச் சோற்றோடு கை கழுவினேன்.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லிவிட்டேன். லஸ் பக்கம் பார்க்கில், பெஞ்சில். நடைப்பயிற்சிக்காரர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "யாமேன்னு சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

நடப்பவர்கள் இரண்டு சுற்று வந்திருப்பார்கள். பிறகு, "இப்ப ஏண்டி சொல்ற? உன் பாரத்தை எறக்கி வெக்கவா? அதையும் நானே தூக்கணுமா?" என்றாள்.

எழுந்தாள். கை கொடுக்கப் போனேன். "தொடாத." கேட் வரை தனியாக நடந்து போய் ஆட்டோ பிடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கணும்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிளாஸில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மாஸ்டர் வெளியே போ என்பார் என்று நினைத்தேன்.

"பெல்ட்டைக் கழட்டி வெச்சிட்டுக் கடைசி வரிசைல நில்லு" என்றார்.

நேற்று சேர்ந்தவர்களோடு நின்று, எப்படி நிற்பது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். டிசம்பர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாட்ச் பற்றி எழுதி அனுப்பினேன். பேட்டரி சுமார். ஸ்கிரீன் நன்று. விழுவதைக் கண்டுபிடிப்பதில் நம்ப முடியாது, தனியாக இருப்பவர்கள் இதை நம்பி வாங்க வேண்டாம். நம்பரை அழித்து, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று.

அஃப்சருக்குப் போன் செய்யவில்லை. செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

படத்துக்குப் போகவில்லை. மழை.

செப்டம்பர் 11, வியாழன்

ஐந்தே முக்காலுக்கே ஹால் திறந்திருந்தது. உள்ளே மாஸ்டரோடு அஃப்சர் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடை, முட்டியில் கறுப்புப் பட்டை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"டாக்டர் உதைக்கலாம்னு சொல்லிட்டார் மாஸ்டர். மெதுவா."

"சரிம்மா. பேட் பிடிக்க யாரைக் கூப்பிடட்டும்? ஷீலா கீறா, ஆயத் கீறா..."

அஃப்சர் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். வாசலுக்கு வந்ததும் பார்வை நின்றது. தாடையை உயர்த்தி என்னைக் காட்டினாள். பெயர் சொல்லவில்லை.

உதையைத் தாங்கும் அந்தப் பஞ்சுப் பேடை இரண்டு கையாலும் பிடித்து, தொடை உயரத்தில் வைத்து நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. முதல் உதை, வலது காலில். பாரம் முழுவதும் அந்த இடது முட்டியில் நிற்க வேண்டும். நின்றது. கொஞ்சம் ஆடி, நின்றது. இரண்டாவது, மூன்றாவது. பத்துக்கு மேல் உதை கனக்க ஆரம்பித்தது. இருபதில் என் கை மரத்துப்போனது. ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை நான்.

"யாமே" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேரும் நின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. வியர்வை கண்ணில் இறங்க, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். முட்டிப் பட்டையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அவள் போய்விடுவாள் என்று நினைத்துப் பேடை இறக்கினேன்.

"மேல தூக்குடி" என்றாள்.

தூக்கினேன்.